கெட்ட எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது, இதை வைத்துக்கொண்டு அன்றாடம் எப்படி ஓட்டுவது?

தூக்கம்வராதவன்:
குழந்தை பிறந்ததில் இருந்தே எனக்கு இந்தத் தொல்லை. குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போது திடீரென்று, கீழே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு எண்ணம் வருகிறது. காய் நறுக்கும்போது குழந்தை பக்கத்தில் இருந்துவிட்டால் இன்னும் மோசம், என்ன தோன்றுகிறது என்று எழுதக்கூடக் கை வரவில்லை. குழந்தை மேல் எனக்குக் கோபமோ வெறுப்போ துளியும் கிடையாது, உயிரையே வைத்திருக்கிறேன். கத்தியை எல்லாம் துணியில் சுற்றி மேல்தட்டில் போட்டுவிட்டேன், குளிப்பாட்டுவதை மனைவியிடமே விட்டுவிட்டேன். ராத்திரி படுத்ததும் அன்றைக்கு நடந்ததை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்ப்பேன், எங்கேயாவது ஏதாவது செய்துவிட்டேனா என்று. மனைவியிடம் "நான் அப்படிப்பட்ட ஆளா?" என்று கேட்பேன், இல்லை என்பாள், கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடி கேட்கத் தோன்றும். வேலையிலும் கவனமே இல்லை. இப்படி எண்ணம் வந்தால் உள்ளுக்குள் அந்த ஆசை இருக்கிறது என்று அர்த்தமா? எப்படி நிறுத்துவது?

நல்லதே_நடக்கும்:
மனதைச் சும்மா விட்டால் இப்படித்தான் நண்பரே. எண்ணம் வந்த உடனே வேறு நல்ல விஷயத்தை நினையுங்கள், பாட்டுப் போடுங்கள், கையில் ரப்பர் பேண்ட் மாட்டிச் சுண்டிவிடுங்கள். மன உறுதி இருந்தால் வராது.

கரையோரம்:
மேலே சொன்னவர் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். பல வருடமாக ஓசிடியோடு, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பயத்தைத் தணிக்க எதையாவது செய்துகொண்டே இருக்க வைக்கும் மனநோயோடு, வாழ்கிறவன் என்பதால் சொல்கிறேன், எண்ணத்தை விரட்ட விரட்டத்தான் அது வலுக்கும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இப்போது நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலில் இருந்தே நினைக்கச் சொன்னவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. வெறும் கரடிக்கே இப்படி என்றால், பெற்ற பிள்ளையைப் பற்றிய பயம் என்ன பாடு படுத்தும்.

ஆசை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இருவர் எந்த மனநோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம் விசாரித்தபோது, பெரும்பாலானவர்கள் தங்களுக்கும் இதே மாதிரி எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள், யாரையாவது தாக்குவது, எங்கிருந்தாவது குதிப்பது என்று. அவர்கள் "சே, என்ன இது" என்று விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நமக்கு அது நம்மைப் பற்றிய சாட்சியம் மாதிரி தெரிகிறது, உட்கார்ந்து விசாரணை நடத்துகிறோம். குழந்தை பிறந்த புதிதில் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் இது வருவது மிகச் சாதாரணம், எதன் மேல் அதிகப் பாசமோ அதைத்தான் இந்த நோய் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது கத்தியை ஒளித்தது, குளிப்பாட்டுவதைத் தவிர்த்தது, ராத்திரி மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது, மனைவியிடம் கேட்பது. கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும்தான் ஓசிடி என்று நினைக்கிறார்கள், இவையும் அதேதான், வெளியே தெரியாது அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை செய்யும்போதும் "ஆபத்து நிஜம், நல்லவேளை தப்பித்தோம்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. எண்ணம் வரட்டும், பதில் சொல்லாமல் கையில் இருக்கிற வேலையைத் தொடருங்கள். முதலில் பதற்றம் ஏறும், நெஞ்சு படபடக்கும், பிறகு தானாக இறங்கும். அதுவரை ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி, அதை லேசாகச் சொல்ல மாட்டேன்.

ஜன்னலோரம்:
எனக்கு எண்ணம் வேறு, கேஸ் மூடினேனா என்பது. வாசல்வரை போய்த் திரும்பி வருவேன், குமிழை விரலால் அழுத்திப் பார்ப்பேன், ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன், வழியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து இது இன்றைக்கு எடுத்ததா நேற்று எடுத்ததா என்று அதிலேயே சந்தேகம் வரும். 2003இல் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற ஆய்வாளர்கள் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை வைத்துத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். நினைவு தப்பவில்லை, ஆனால் அந்த நினைவின் தெளிவும் அதன் மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்துவிட்டன. அதாவது பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் கூடும். இப்போது ஒரே முறை, கவனமாக, மூடிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். படம் எடுப்பது கிடையாது. உறுதியாகத் தெரியாமலேயே படி இறங்கப் பழகினேன்.

மறுபக்கம்:
உங்கள் மனைவி இடத்தில் இருக்கிறவள் நான், என் கணவருக்கு ஓசிடி. கேட்கும்போதெல்லாம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதுதான் அன்பு என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது அடுத்த கேள்விக்கு வழி விடுகிறது. அதற்காக ஒருநாள் திடீரென்று பதில் சொல்வதை நிறுத்திவிட்டால் அவரும் உடைந்துபோவார், வீட்டிலும் சண்டை வரும். மனது அமைதியாக இருக்கும் நேரத்தில் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இது: "இது ஓசிடி கேட்கிற கேள்வி, இதற்குப் பதில் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்." அப்படியே உட்காருவேன், கையைப் பிடித்துக்கொள்வேன்.

தூக்கம்வராதவன்:
படித்ததும் அழுகை வந்துவிட்டது. டாக்டரிடம் போகத்தான் பயம், இதைச் சொன்னால் குழந்தையை என்னிடம் இருந்து பிரித்துவிடுவார்களோ என்று. மாத்திரை வேறு போட வேண்டி வருமா?

கரையோரம்:
மனநல மருத்துவர்கள் இதை நிறையக் கேட்டிருப்பார்கள். எண்ணத்தைக் கண்டு நடுங்குகிறவருக்கும் நிஜமாகத் தீங்கு செய்ய நினைப்பவருக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். எக்ஸ்போஷர் சிகிச்சை தெரிந்த உளவியலாளரைக் கேட்டுப் பிடியுங்கள். 1966இல் விக்டர் மேயர் என்பவர் தொடங்கிவைத்த முறை அது, பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள். உங்களுக்கு என்றால் முதலில் கத்தி கீழ்த்தட்டுக்கு வரும், பிறகு மனைவியோடு சேர்ந்து குளிப்பாட்டுவது, பிறகு தனியாக.

மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. கொடுத்தால் பெரும்பாலும் ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின் வகையாக இருக்கும், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவு பல சமயம் கூடுதலாக இருக்கும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், நடுவில் வேலை செய்யவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. குரல் கேட்கிறது, அந்த எண்ணம் பயத்துக்குப் பதிலாகச் சரி என்றே படுகிறது, இல்லை செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மனைவியிடமும் இதைச் சொல்லி வையுங்கள். மற்றபடி டாக்டர் முன்னால் வாய் வரவில்லை என்றால், இங்கே எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.