செமி கேஷுவலுக்கு வேட்டி ஆகாதா?

பள்ளத்தூரான்: கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் நண்பனுக்கு வரவேற்பு, மறுநாள் கல்யாணம். பெண் வீட்டார் பெங்களூரு. அழைப்பில் "செமி கேஷுவல்" என்று போட்டிருக்கிறார்கள். நானும் வீட்டுக்காரியும் என்ன உடுத்துவது? நான் வேட்டி கட்டலாமா?

கோட்டையூர்த் தம்பி: வேண்டாம் அண்ணே. கோட்டு, டை தேவையில்லை, அதற்காக டீ ஷர்ட்டும் கிழிந்த ஜீன்ஸும் ஆகாது, அவ்வளவுதான் செமி கேஷுவல். காலர் சட்டை, சைனோஸ் பேன்ட், லோஃபர் ஷூ போதும். அண்ணிக்கு நல்ல குர்த்தி, பலாசோ. பட்டும் வைரமும் அன்றைக்கு அதிகம். வேட்டியை மறுநாள் திருப்பூட்டுக்கு, அதாவது தாலி கட்டும் சடங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டாங்கி ஆச்சி: வேட்டி சடங்குக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது தம்பி? பட்டு வேட்டி வேறு, காரைக்குடிக் கடைத்தெருவுக்குக் கட்டிக்கொண்டு போகிற நாலு முழ வெள்ளை வேட்டி வேறு. 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை, அந்த வருடமே, வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டசபையில் சட்டம் போட்டார்கள். 2019-ல் அரசு ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவிலும் பேன்ட்டோடு வேட்டியும் இருக்கிறது. அலுவலகத்துக்கே ஆகும் உடை விருந்துக்கு ஆகாதா? பெண்களுக்குக் கண்டாங்கிச் சேலை இருக்கிறதே, கட்டம் போட்ட பருத்தி, அகலக் கரை, 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதில் ஒரு காட்டன் ரவிக்கையும் சின்னத் தோடும் போட்டால் பளிச்சென்றும் இருக்கும், பகட்டாகவும் இருக்காது.

கோட்டையூர்த் தம்பி: கண்டாங்கிக்கு நான் மறுப்பே சொல்லவில்லை ஆச்சி. ஆனால் சட்டம் நம்மை உள்ளே விடுவதற்கு, இது அழைத்தவர் விருப்பம். ஒரு அலுவலக விருந்துக்கு வேட்டியில் போய், எல்லோரும் சைனோஸில் நிற்க, இரவு முழுக்க ஒரு மூலையிலேயே இருந்தேன். அந்தச் சங்கடம் அண்ணனுக்கு வேண்டாம்.

ஆத்தங்குடிக்காரர்: லோஃபரை ஒருவரும் யோசிக்கவில்லையே. பழைய வீடு என்றால் செருப்போ ஷூவோ வாசலிலேயே கழற்றிவிடுவோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாக்ஸோடு நடந்தால் வழுக்கும், கவனம். வெறுங்காலுக்குப் பொருந்துவது வேட்டிதான். லினன் சட்டையைக் கை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள், இந்த வெயிலுக்கும் அதுதான் சரி.

பள்ளத்தூரான்: வீட்டுக்காரி கண்டாங்கி என்று முடிவு செய்துவிட்டாள். வேட்டியைப் பற்றி நண்பனிடமே கேட்டுவிடுகிறேன்.

கோட்டையூர்த் தம்பி: அவர் சரி என்றால் கட்டுங்கள் அண்ணே, வெல்க்ரோ வைத்தது வேண்டாம், நாலு முழமே கட்டுங்கள்.