பார்க் இறக்கத்தில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன், உதவுங்கள்

கேள்வி: வெளிநாட்டுக்கு வந்து ஆறு வாரம்தான். வீட்டுக்குப் பின்னால் மேடும் இறக்கமுமாகப் பெரிய பார்க், ஆள் நடமாட்டமே இல்லை. பழைய மவுண்டன் பைக் வாங்கி நேற்று போனேன். இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் தூக்கி, ஹேண்டில்பாரைத் தாண்டி விழுந்தேன். கட்டைவிரலுக்குக் கீழே வீக்கம். வீட்டில் சொல்லவில்லை. இனி அங்கே போகலாமா?

பதில் 1: தனியாகப் போகாதீர்கள் தம்பி. நான் வந்த புதிதில் பேசக்கூட ஆளில்லை, அந்த ஏக்கத்தில் தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன். ஒருநாள் காட்டுக்குள் செயின் அறுந்தது, போனிலும் சார்ஜ் இல்லை. இருட்டும்வரை தள்ளிக்கொண்டே வந்தேன். பம்பு, மாற்று ட்யூப், செயின் லிங்க் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பதில் 2: இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது.

பதில் 3: தவறு. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் சறுக்கும், மண்பாதையும் பாழாகும். வண்டியை நிறுத்தும் பலம் முன் பிரேக்கில்தான் அதிகம். இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்கையும் ஒற்றை விரலால் மெல்லப் பிடியுங்கள்.

பதில் 4: பாதை விதிகளைப் புதிதாக வருகிறவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? நடக்கிறவருக்கு வழி விடவேண்டும் என்பதே திட்டு வாங்கித்தான் எனக்குத் தெரிந்தது.

பதில் 1: எனக்கும் அதே கதைதான். 

பதில் 5: முதலில் அவர் கையைப் பார்ப்போம். கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரல் அடியில் வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதும் உண்டு. இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள். ஹெல்மெட் அடிபட்டிருந்தால் அதை இனி போடவேண்டாம். அப்புறம், எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லையே? இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் பொதுவாக வலது பிரேக் லீவர் முன்சக்கரத்துக்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவில் பல நாடுகளிலும் இடதுதான் முன். வண்டியை நிறுத்திவைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.

கேட்டவர்: அமெரிக்காதான். இப்போது பார்த்தேன், இடது லீவர்தான் முன்சக்கரத்தைப் பிடிக்கிறது. பின் பிரேக் என்று நினைத்து அதைத்தான் முழுசாக அழுத்தியிருக்கிறேன். கிளினிக்குக் கிளம்புகிறேன்.

பதில் 5: சரி. கை ஆறியதும் சமதளத்தில் பிரேக் பழகுங்கள். பிறகு பச்சை வட்டம் போட்ட, எளிதான பாதை. அதைவிடக் கடினமான நீலச் சதுரம் போட்ட பாதை அதற்கப்புறம்.