ஃபோகஸ் எஞ்சின், சியரா கியர்பாக்ஸ்: கிளட்ச்சை மிதித்தாலும் சக்கரம் சுற்றுகிறது

லெஸ்டர்_கராஜ்:
வணக்கம். இரண்டு குளிர்காலம் செலவழித்து, லோட்டஸ் செவன் என்ற சின்ன திறந்த ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி சாசிஸை (வண்டியின் சட்டம்) நானே வெல்டிங் செய்து முடித்திருக்கிறேன். எஞ்சின் 2000-ஆம் வருட ஃபோர்டு ஃபோகஸிலிருந்து எடுத்த 2.0 லிட்டர் ஸீடெக், நாலு சிலிண்டர். கியர்பாக்ஸ், பின்சக்கரம் ஓட்டும் பழைய ஃபோர்டு கார்களில் வந்த டைப் 9. 'ஃபோர்டு சியராவில் இருந்தது' என்றார் விற்றவர், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்க்க அலுமினிய பெல்ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கூடு) தனியாக வாங்கினேன்.

ஃபோகஸில் குறுக்கே கிடந்த எஞ்சின், இங்கே நெடுக்காக உட்காருகிறது. அதனால் ஹெட்டின் பின்னால் இருக்கும் தெர்மோஸ்டாட் ஹவுசிங் ஸ்கட்டிலில் (டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தகடு) முட்டியது. அதைக் கழற்றி வாட்டர் ரெயில் (தண்ணீரைத் திருப்பிவிடும் குழாய்) போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

சனிக்கிழமை முதல் தடவை ஸ்டார்ட் ஆனது. என் மகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். ஆனால் பெடலை முழுக்க மிதித்தாலும் முதல் கியர் கரகரவென்று கத்துகிறது, விழவில்லை. எஞ்சினை அணைத்தால் எல்லா கியரும் சுலபமாக விழுகின்றன. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கியரில் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தேன். பின்சக்கரம் சுற்றுகிறது. கேபிளை இரண்டு முறை இறுக்கியும் அப்படியேதான். எஞ்சினை மறுபடி இறக்காமல் வழி இருக்கிறதா?

நட்டும்போல்ட்டும்:
ஃபோகஸ் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டுக்குத் தாங்கல் எல்லாம் அந்த பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். டைப் 9 அப்படி இல்லை, ஷாஃப்டின் நுனி கிராங்கின் நடுவில் ஒரு ஸ்பைகாட் பேரிங்கில் உட்கார வேண்டும். அதைப் போட்டீர்களா? கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று. 2000-ஆம் வருட எஞ்சின் என்றால், வீட்டில் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்ட பிரிட்டனில் தேற வேண்டிய ஐவிஏ சோதனையில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாமல் புகை அளவு தேறாது. எக்ஸாஸ்ட் சத்தமும் 99 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். இப்போதே இடம் ஒதுக்கிவிடுங்கள்.

லெஸ்டர்_கராஜ்:
பேரிங் புதிதாகப் போட்டேன். பிளேட்டில் 'ஃப்ளைவீல் பக்கம்' என்று பொறித்திருந்தது, அந்தப் பக்கமாகவே மாட்டினேன். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது கடைசி 2 மில்லிமீட்டர் கையால் போகவில்லை. போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றி இறுக்கித்தான் சேர்த்தேன்.

பழைய_சியரா:
தம்பி, இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த 2 மில்லியில்தான் விஷயம் இருக்கிறது.

ஷாஃப்ட் நீளமாக இருந்தால், நுனிக்குப் பின்னால் இருக்கும் தோள் பகுதி ஸ்பைகாட் பேரிங்கை கிராங்கோடு சேர்த்து நசுக்கும். அப்புறம் கிளட்ச் விடுபட்டாலும் பயனில்லை, கிராங்கே ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றும். கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் தீராது. கிராங்க் முன்பக்கம் தள்ளப்பட்டு த்ரஸ்ட் வாஷரையும் (கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் வளையம்) தின்றுகொண்டிருக்கும். எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

உங்களிடம் இருப்பது வி6 சியராவின் பாக்ஸ் என்று நினைக்கிறேன். அதன் இன்புட் ஷாஃப்ட் நாலு சிலிண்டர் பாக்ஸில் இருப்பதைவிட நீளம். இறக்காமலே பார்த்துவிடலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, முதல் கியரில் போட்டு, ப்ராப் ஷாஃப்டில் (பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு) சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கிராங்க் புல்லியை ஸ்பேனரால் சுற்றி, ப்ராப் சரியாக ஒரு சுற்று வரும்வரை எண்ணுங்கள். நாலு சிலிண்டர் பாக்ஸில் முதல் கியர் 3.65, வி6-ல் 3.36. மூன்றரைச் சுற்றுக்கு முன்பே கோடு திரும்பி வந்துவிட்டால் வி6.

லெஸ்டர்_கராஜ்:
எண்ணினேன் அண்ணா. மூன்று சுற்று, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடக் கொஞ்சம்தான். மூன்று தடவை எண்ணியும் அதே கணக்கு. மனசு கேட்கவில்லை, ஞாயிறு இரவே எஞ்சினை இறக்கிவிட்டேன். பேரிங் விளிம்பில் நாணயம் மாதிரி பளபளவென்று ஒரு வளையம் தேய்ந்திருக்கிறது, உள்ளே இருக்கும் ஊசி உருளைகள் நீலம் பாரித்திருக்கின்றன. கிராங்கின் முன்பின் அசைவை டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், 0.2 மில்லி. பிழைத்ததா?

பழைய_சியரா:
அந்த அசைவுக்கு பயம் வேண்டாம். ஆனால் சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறக்கி த்ரஸ்ட் வாஷரைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள்.

பாக்ஸை மட்டும் விற்றுவிடாதீர்கள். 600 கிலோ கூட வராத வண்டியில் 3.65 முதல் கியர் நகர்ந்த உடனே தீர்ந்துபோகும். அதனால்தான் வி6 பாக்ஸைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். பெல்ஹவுசிங்குக்கும் பாக்ஸுக்கும் நடுவில் லேத்தில் ஒரு அலுமினிய ஸ்பேசர் பிளேட் கடைந்து போடுங்கள். ஷாஃப்டின் மையம் மயிரிழை கூட விலகக் கூடாது, ஆகவே பாக்ஸ் முகப்பு உட்காரும் வட்டத்தை பிளேட்டிலும் அப்படியே கடையச் சொல்லுங்கள். ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்ததும் கிளட்ச்சைத் தள்ளுவது) ஓடும் குழாயும் அதே அளவு பின்னால் போகும். அந்த பேரிங் கிளட்ச் விரல்களை எட்டுகிறதா, கிளட்ச் பிளேட் ஷாஃப்டின் பல்வரிசையில் (ஸ்பிளைன்) முழுசாக உட்காருகிறதா என்று இரண்டையும் அளந்து பாருங்கள். தோளுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க, ஷாஃப்டின் தோளில் சின்ன களிமண் உருண்டை ஒட்டி, கையால் சேர்த்து, பிரித்து அதன் கனத்தை அளக்கலாம்.

லெஸ்டர்_கராஜ்:
சம்ப்பை இறக்கிப் பார்த்தேன், வாஷர் சுத்தமாக இருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணா. லேத் கடையில் அளவு கொடுத்தாயிற்று, பிளேட் வியாழக்கிழமை வரும். இந்த முறை கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேர்ந்தால்தான் போல்ட்டைத் தொடுவேன். களிமண் எவ்வளவு கனம் வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.