பகலில் நாய்க்குட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் – பாலக்கோடு

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்கோட்டில் பிளஸ் ஒன் படிக்கிறேன். போன வாரம் காலையில் பஸ்ஸுக்கு நடந்து போகும்போது, புளியமரத்தடியில் மூன்று நாய்க்குட்டிகள் கிடந்தன. தாய் முந்தின இரவு வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது. விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

தக்காளிப் பெட்டியில் அம்மாவின் பழைய சேலையை விரித்து வைத்திருக்கிறேன். கண் இப்போதுதான் திறக்கிறது, இரண்டு வாரக் குட்டிகளாக இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும். அப்புறம் வெதுவெதுப்பான ஈரத்துணியால் அடிவயிற்றுக்குக் கீழே துடைத்துவிட வேண்டும், தாய் நக்கிவிடுகிற மாதிரி. அப்போதுதான் மூத்திரம் போகும். இரவில் அலாரம் வைத்து நானே எழுந்துகொள்கிறேன். ஆனால் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். பாட்டிக்குக் கை நடுங்கும், சிரிஞ்சில் பால் கொடுக்க வராது.

பசும்பால் மட்டும் போதாது, குட்டிகளுக்கான பால்பவுடர் வாங்கு என்றார் கால்நடை டாக்டர். இங்கே மெடிக்கலில் கேட்டேன், இல்லை. தர்மபுரியில் எந்தக் கடையில் கிடைக்கும்?

நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள குட்டிதான் ரொம்பச் சின்னது. இரண்டு வாய் குடித்ததும் என் உள்ளங்கையிலேயே தூங்கிவிடுகிறது. அதை எழுப்பிக் குடிக்க வைக்க வழி தெரிந்தாலும் சொல்லுங்கள்.

மூன்று வாரம், பகலில் மட்டும் யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா? காலையில் நானே கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் எடுத்துக்கொள்கிறேன்.