மேன் தீவுக்கு நான்கு நாள்: விசா, கப்பல், ஊர்ப் பழக்கம்

மெர்சிக்கரை:
ஜூலை முதல் வாரத்தில் மூன்று பேர் மேன் தீவு (பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் இருப்பது) போகிறோம். நான்கு நாள், கார் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட், பிரிட்டன் மாணவர் விசா. அங்கே தனி விசா எடுக்கணுமா? கப்பல் நல்லதா, விமானம் நல்லதா? பிரிட்டனுக்குள்ளேதான் இருக்கிறது என்கிறார் ஒருவர், இல்லவே இல்லை என்கிறார் இன்னொருவர். எது சரி?

கப்பல்துறை:
செல்லுபடியாகும் பிரிட்டன் விசா இருந்தால் சுற்றிப் பார்க்க அதுவே போதும், தனி விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காதீர்கள்.

கப்பல் இரண்டு வழி. லிவர்பூலிலிருந்து மனானன் என்ற வேகக் கப்பல், சுமார் 2 மணி 45 நிமிடம், குளிர்காலத்தில் ஓடாது. ஹேஷமிலிருந்து மேங்ஸ்மேன் என்ற பெரிய கப்பல், 3 மணி 45 நிமிடம், வருஷம் முழுக்க உண்டு. ஹேஷமில் வழக்கமான நேரம் மதியம் 2.15, அடுத்தது அதிகாலை 2.15. இந்த இரண்டாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெள்ளி இரவு கிளம்புகிறவர் சனிக்கிழமைத் தேதிக்குத்தான் டிக்கெட் எடுக்கணும். வெள்ளி என்று போட்டால் கப்பல் முந்தின நாள் இரவே போயிருக்கும். ஹேஷம் துறைமுகத்துக்கு ரயிலும் பகல் கப்பலை ஒட்டி ஒன்றுதான். இரவுக் கப்பல் என்றால் லங்காஸ்டரில் இறங்கி டாக்சி பிடிக்க வேண்டியதுதான்.

மூடுபனி வந்தால் விமானம் நிற்கும், காற்று அடித்தால் கப்பல் நிற்கும். அந்த மூடுபனி கடல் தெய்வம் மனானன் தீவின் மேல் போர்த்தும் போர்வை என்பது ஊர் நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால், அலை ஏறினால் முதலில் ரத்தாவது அந்தத் தெய்வத்தின் பெயர் வைத்த கப்பல்தான். இரட்டை உடல் வேகக் கப்பலுக்கு அலை உயர வரம்பு குறைவு. திரும்புகிற மறுநாளே பரீட்சை, இன்டர்வியூ என்று எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டக்ளஸ்வாசி:
தீவு பிரிட்டன் அரசருக்குக் கீழே, ஆனால் ஐக்கிய இராச்சியத்துக்குள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒருநாளும் இருந்ததில்லை. பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் பார்த்துக்கொள்கிறது; வரி, பள்ளி, மருத்துவமனை, போலீஸ் எல்லாம் இவர்களே. சட்டமன்றத்தின் பெயர் டின்வால்ட். ஆயிரம் ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கூடுகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள், 1979-இல் ஆயிரமாவது ஆண்டு விழாவே எடுத்தார்கள். சொத்துள்ள பெண்களுக்கு 1881-லேயே ஓட்டுரிமை கொடுத்த இடம்.

இதனால் உங்களுக்கு என்ன ஆகும் என்றால்:

பணம்: தீவின் மேங்ஸ் பவுண்டும் இங்கிலாந்து பவுண்டும் சம மதிப்பு. இங்கிலாந்து நோட்டை அங்கே எல்லோரும் வாங்குவார்கள், தீவு நோட்டை இங்கிலாந்தில் கடைக்காரர் வாங்கமாட்டார். ஒரு பவுண்டு நோட்டு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கடைசி நாள் மீதிச் சில்லறையை இங்கிலாந்துப் பணமாகவே கேட்டு வாங்குங்கள்.

போன்: +44 தான், ஆனாலும் சில பிரிட்டன் சிம்களுக்கு அது வெளியூர், ரோமிங் கட்டணம் விழும். கப்பல் ஏறும் முன் திட்டத்தைப் பாருங்கள்.

உடம்பு: பிரிட்டனோடு மருத்துவ ஒப்பந்தம் உண்டு. ஆனால் பெரிய சிகிச்சைக்குத் திருப்பி அழைத்துவரும் செலவு அதில் வராது, பயணக் காப்பீடு எடுங்கள்.

தண்டவாளம்72:
கார் இல்லாதது குறையே இல்லை. பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து கோ எக்ஸ்புளோர் என்ற அட்டை விற்கிறார்கள்.

முதல் வெயில் நாளை லாக்ஸி கிராமத்துக்கு ஒதுக்குங்கள். தலைநகர் டக்ளஸ் கடற்கரையின் வடக்கு முனையில் 1893-இல் தொடங்கிய மின்சார ரயில்; அதன் முதல் இரண்டு பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. அரை மணியில் லாக்ஸி. அங்கே மாறி 621 மீட்டர் உயர ஸ்னேஃபெல் உச்சிக்கு இன்னொரு அரை மணி. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று சற்று உயர்ந்து நிற்கும், பாருங்கள். இறக்கத்தில் பிரேக் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கத்தான் அது. உச்சி மேகத்தில் இருந்தால் ஏறாதீர்கள், ஒன்றும் தெரியாது. கீழேயே நடந்து போய் லாக்ஸி சக்கரம் என்ற நீர்ச்சக்கரத்தைப் பாருங்கள்: 1854-இல் சுரங்கத் தண்ணீரை இறைக்கக் கட்டியது, விட்டம் 22 மீட்டர்.

நீராவி ரயில் டக்ளஸ் – போர்ட் எரின். எல்லா நாளும் ஓடாது, அட்டவணை பார்த்துப் போங்கள்.

அடுத்த முறை கார் எடுத்தால்: டவுனில் இலவச நிறுத்தம் உண்டு, வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரம் கண்ணாடியில் வைக்கணும், இல்லாவிட்டால் அபராதம். மே கடைசி, ஜூன் முதலில் டிடி பைக் பந்தயம். 60 கிலோமீட்டர் பொதுச் சாலையையே மூடுவார்கள், அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

டக்ளஸ்வாசி:
ஒன்று விட்டுப்போச்சு. உங்கள் தேதிக்குள் ஜூலை 5 வருகிறதே, அதுதான் டின்வால்ட் நாள் (வார இறுதியில் வந்தால் திங்கட்கிழமை). செயின்ட் ஜான்ஸ் ஊரில் நான்கு அடுக்குப் புல்மேடு, தேவாலயத்திலிருந்து அதுவரை பாதையில் கோரைப்புல் பரப்பியிருப்பார்கள். வருஷத்தில் இயற்றிய சட்டங்களின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தீவின் சொந்த மொழியான மேங்ஸிலும் அங்கே வாசிப்பார்கள். அரச ஒப்புதல் பெற்று 18 மாதத்துக்குள் இப்படி அறிவிக்காத சட்டம் காலாவதி. யாருக்குக் குறை இருந்தாலும் மேட்டின் அடியில் வந்து மனு கொடுக்கலாம். அன்று பொது விடுமுறை, காலையிலேயே பஸ் பிடியுங்கள்.

மேங்ஸைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மாட்ரெல் 1974-இல் இறந்துவிட்டார். இப்போது அதே செயின்ட் ஜான்ஸில் ஆரம்பப் பள்ளி ஒன்று பாடம் முழுவதையும் அந்த மொழியில் நடத்துகிறது.

விமான நிலையத்திலிருந்து டக்ளஸ் வரும் வழியில் தேவதைப் பாலம் வரும். பஸ்ஸில் உள்ளூர்க்காரர்கள் முணுமுணுப்பாக வணக்கம் சொல்வார்கள், நீங்களும் சொல்லிவிடுங்கள். எலி என்ற சொல்லையும் வாயில் எடுக்கமாட்டார்கள், நீளவால் என்பார்கள். நம் ஊரில் ராத்திரியில் பாம்பைப் பூச்சி என்பதில்லையா, அதே கதை.

மெர்சிக்கரை:
அதிகாலை 2.15 விஷயம் நல்ல வேளை சொன்னீர்கள். சைவச் சாப்பாடு?

கப்பல்துறை:
டக்ளஸில் கவலையில்லை. பீல் ஊர்ப் பக்கம் போனால் புகையூட்டிய ஹெர்ரிங் மீனும் குட்டி ஸ்காலப் சிப்பியும்தான் பேர்போனவை. சீஸ் தூவி கிரேவி ஊற்றிய சிப்ஸ் எங்கும் கிடைக்கும். கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.