புதுப்பிப்பு: ஏர் ரைஃபிள் ட்ரிகர் கரகரப்பு சரியாகிவிட்டது (ஏற்காடு)

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டிருந்தது இதுதான்: 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ட்ரிகர் கரகரவென்று இழுக்கிறது, சுட்டதும் ‘டொய்ங்’ என்று அதிர்கிறது.

பலித்தது, "எதையும் ராவாதீங்க, முதல்ல கழட்டித் துடைங்க" என்ற யோசனை. ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி (ஸ்பிரிங் கம்ப்ரஸர்) இல்லாமல் பின்னைத் தட்டினால் பின்மூடி பாய்ந்து கையைக் கிழித்துவிடும். ட்ரிகர் பின்களில் ஏற்காட்டு ஈரத்தில் மெல்லிய துரு. அவற்றை மட்டும் 1000 நம்பர் உப்புத்தாளில் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, மாலிப்டினம் கிரீஸ் ஒரு பொட்டு. கரகரப்பு போய்விட்டது.

பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் ட்ரிகர் கொக்கியின் (சியர்) முகத்தைத் தேய்க்கச் சொன்னதை வேண்டுமென்றே விட்டேன். அங்கே கடினப்படுத்திய மேல்படலம் மெல்லியது. அது போனாலோ கோணம் மாறினாலோ ட்ரிகரைத் தொடாமலே சுட்டுவிடும். இதில் கை வைக்கவே கூடாது.

எதிர்பாராதது: சிலிண்டர் காடியின் விளிம்பில் பிசிர். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் பாலிமர் சீலைச் சீவிவிடும். பிசிரை எடுத்த பிறகே பூட்டினேன்.

அதிர்வுக்கு ஸ்பிரிங்கில் கெட்டி கிரீஸ், மெல்லிய பூச்சாக. அதிகம் பூசினால் வேகம் குறையும், மார்கழிக் குளிரில் இன்னும் குறையும். சீலுக்கு முன்னால் மெஷின் ஆயில் ஒரு சொட்டும் கூடாது: அழுத்தச் சூட்டில் பற்றி ‘டமார்’ என்று வெடிக்கும், ஸ்பிரிங்கும் ஒடியும்.

உரிமம் தேவைப்படும் ரிவால்வருக்கு இது பொருந்தாது; அது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் வேலை.