கிரிட்டா பைத்தான் பிளகின்: மேனேஜரில் டிக் செய்ய முடியவில்லை, உதவவும்

சாயப்பெட்டி:
கிரிட்டா 5.2 (ஓவியம் வரையும் மென்பொருள்), விண்டோஸ் 11. பழைய சுவரோவியம் போல லேயரில் காவிச் சாயல் கூட்டும் சின்ன பிளகின் ஒன்று எழுதினேன். கிரிட்டாவுக்குள்ளேயே நிரலை ஓட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்டரில் ஒட்டினால் ஓடுகிறது (காவிக்குப் பதில் நீலம் கூடுகிறது, அது வேறு கதை). எக்ஸ்டென்ஷன் வகுப்பாக மாற்றி பைகிரிட்டா ஃபோல்டரில் போட்டால், பைத்தான் பிளகின் மேனேஜரில் பெயர் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை.

தூரிகைமுனை:
சாம்பல் வரியின் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள், பிழைச் செய்தி வரும். பெரும்பாலும் டெஸ்க்டாப் ஃபைல்தான் (பிளகினைப் பற்றி கிரிட்டாவுக்குச் சொல்லும் சின்ன ஃபைல்) காரணம். பெயரே தெரிவதால் அந்த ஃபைல் கிடைத்துவிட்டது, அது சுட்டும் மாட்யூல்தான் (நிரல் இருக்கும் ஃபோல்டர்) கிடைக்கவில்லை. எக்ஸ்-கேடிஈ-லைப்ரரி வரியில் உள்ள பெயரும் ஃபோல்டர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? டெஸ்க்டாப் ஃபைல் அந்த ஃபோல்டருக்கு உள்ளே அல்ல, பக்கத்தில் இருக்க வேண்டும்.

சாயப்பெட்டி:
நன்றி! ஃபோல்டர் பெயரில் ஹைஃபன், அங்கே அண்டர்ஸ்கோர். மாற்றியதும் டிக் விழுந்தது, மெனுவிலும் வந்துவிட்டது. ஆனால் கிளிக் செய்தால் 'நன்டைப்' (மதிப்பே இல்லை என்னும்) பிழை. செட்அப்-இல் ஆக்டிவ்டாக்குமென்ட்-ஐ (இப்போது திறந்திருக்கும் படத்தை) எடுத்து செல்ஃப்-இல் வைத்திருக்கிறேன். படம் திறந்துதானே இருக்கிறது?

தூரிகைமுனை:
இப்போது திறந்திருக்கிறது, செட்அப் ஓடியபோது இல்லை. கிரிட்டா கிளம்பும்போதே செட்அப் ஒருமுறை ஓடிவிடும். அப்போது விண்டோவே வந்திருக்காது, அதனால் 'நன்', அதாவது வெற்று மதிப்புதான் கிடைக்கும். கிரியேட்ஆக்‌ஷன்ஸ் அப்படியல்ல, ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒருமுறை ஓடும். மெனு வரியை அங்கே சேருங்கள். டாக்குமென்ட்டைக் கிளிக்கில் ஓடும் ஃபங்ஷனுக்குள் கேளுங்கள், ஒவ்வொரு கிளிக்கிலும் புதிதாக. ஒருவேளை செட்அப்-இல் கிடைத்திருந்தாலும் சேமித்து வைப்பது சரிப்படாது: வேறு படத்துக்குத் தாவியதும் உங்கள் பிளகின் பழைய படத்தில்தான் காவி பூசும். படமே திறக்காமல் யாராவது கிளிக் செய்வார்கள், அதற்கும் ஒரு இஃப் வையுங்கள்.

நள்ளிரவுக்கோடு:
நீலம் கூடும் கதைக்கு வருகிறேன். லேயரின் நிற எண்களைக் கொடுக்கும் பிக்சல்டேட்டா தரும் பைட்டுகள் 8 பிட், 16 பிட் இன்டிஜர் படங்களில் நீலம், பச்சை, சிவப்பு, ஆல்ஃபா என்ற வரிசையில் இருக்கும். முதல் பைட்டைச் சிவப்பு என்று எடுத்திருப்பீர்கள். ஃப்ளோட் (தசம எண்) படங்களில் சிவப்புதான் முதலில். ஆகவே கலர்டெப்த் என்ன என்று பார்த்துப் பிரியுங்கள், கண்ணை மூடிக்கொண்டு திருப்பினால் அங்கே தப்பாகும். செட்பிக்சல்டேட்டாவுக்குப் பிறகு ரெஃப்ரெஷ்புரொஜெக்‌ஷன்-ஐ அழைக்காவிட்டால் கேன்வாஸில் மாற்றம் தெரியாது. அப்புறம், இதற்கு அன்டூவை நம்பாதீர்கள், லேயரை நகலெடுத்து நகலில் வேலை செய்யுங்கள்.

சாயப்பெட்டி:
காவி வந்துவிட்டது! கடைசியாக ஒன்று: இதையே பிரஷ் எஞ்சினாக, தீட்டும்போதே காவி கலக்கும்படி பைத்தானில் எழுத முடியுமா?

தூரிகைமுனை:
முடியாது. பைத்தானுக்குத் திறந்திருப்பது லிப்கிஸ் என்ற மேல் அடுக்கு மட்டும்: மெனு, டாக்கர் (பக்கப் பலகை), டாக்குமென்ட், லேயர். பிரஷ் எஞ்சின், டூல், கலர் ஸ்பேஸ் எல்லாம் சி++ பிளகின்கள். கிரிட்டாவின் சோர்ஸை இறக்கி, அதோடு சேர்த்து கம்பைல் செய்ய வேண்டும். உங்கள் தேவைக்கு அவ்வளவு தூரம் போகாதீர்கள். மேலே ஒரு காவி லேயரை மல்டிப்ளை மோடில் வைத்து, அதன் கீழே தீட்டுங்கள்.